உவரி, மணப்பாடு கடற்கரை: எந்த மாதம் வந்தால் நல்லது?

திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே இருக்கும் எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் மாதத்துக்கு மாதம் மாறும். மாசியில் ஐந்துக்கு ஐந்து. ஆடியில் ஒன்று கொடுப்பதே அதிகம். உவரி, மணப்பாடு பற்றி வந்துபோனவர்கள் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஒருவர் "அமைதியான கடல், பிள்ளைகள் கரையேற மாட்டேன் என்றார்கள்" என்று எழுதியிருப்பார். அடுத்தவர் "மண் கண்ணில் அடித்தது, கால் நனைக்கவே முடியவில்லை, இதற்கா இவ்வளவு தூரம்" என்று எழுதியிருப்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் பிப்ரவரியில் வந்தவர், மற்றவர் ஜூலையில் வந்தவர். எந்த மாதம் வந்தோம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வரப்போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

நான் திசையன்விளையில் தையற்கடை வைத்திருக்கிறேன். உவரிக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. மணப்பாடு இன்னும் கொஞ்சம் தூரம், குலசேகரப்பட்டினத்துக்குப் போகும் வழி. என் தம்பி குடும்பம் மும்பையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு மும்பையில் ஒரு உறவு இருக்கும். அவர்கள் ஊருக்கு வந்தால் முதலில் கோயில், அடுத்து கடல். அவர்களைக் கூட்டிக்கொண்டும், தனியாக வேண்டுதலுக்கும், மீன் வாங்கவும் என்று வருஷம் முழுக்கப் போகிற கரை இது. அதனால் எல்லா மாதத்திலும் அதன் முகம் எனக்குத் தெரியும்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தை பாதியிலிருந்து பங்குனி பாதி வரை வாருங்கள். ஆங்கிலக் கணக்கில் ஜனவரி கடைசி வாரம் தொடங்கி மார்ச் இறுதிக்குள். அதிலும் மாசி மாதம் வார நாளில் வந்தால் இந்தக் கரைக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

காரணம் காற்று. வெளியூர்க்காரர்கள் வெயிலைப் பார்ப்பார்கள், மழையைப் பார்ப்பார்கள். காற்றைப் பார்ப்பதில்லை. எங்கள் கடலுக்கு நல்ல மாதம் எது, ஆகாத மாதம் எது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

மேற்கே மலைத்தொடர் குமரியை நெருங்கும்போது ஆரல்வாய்மொழியில் ஒரு வாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் ஜூன் முதல் வாரத்தில் இறங்கும்போது மழையை அந்தப் பக்கமும் மலைமேலும் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக இந்தக் கணவாய் வழியே பாய்ந்து வருகிறது. அதற்காகத்தான் முப்பந்தலிலும் சுற்றுப்பக்கத்திலும் அத்தனை காற்றாடிகள் நிற்கின்றன. நாட்டிலேயே பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் அது ஒன்று. வைகாசிக் கடைசியில் சுழலத் தொடங்கினால் புரட்டாசி வரை நிற்காது. மின்சார வாரியத்துக்கு அது நல்ல காலம். கடலுக்குப் போகிறவர்களுக்கு இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்களில் பேச்சுக்குச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அம்மி பறக்காவிட்டாலும் தகரக் கூரை பறந்திருக்கிறது.

எங்கள் ஊரை ஒட்டித் தேரிக்காடு. செம்மண் தூள் போன்ற மணல், மேடு மேடாகக் கிடக்கும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பிடித்துவிட்டால் அந்தச் செம்மணல் எழுந்து வரும். ஆனி, ஆடியில் கடைக் கதவின் மேற்குப் பக்கத்தை நான் திறப்பதே இல்லை. திறந்தால் மிஷினின் சட்டிலில் மண் ஏறும், பாபினைக் கழற்றி எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து மாட்ட வேண்டும். வெள்ளைச் சட்டைத் துணியை அந்த மாதங்களில் மேசைமேல் விரித்து வைக்க முடியாது. ஊருக்குள்ளேயே இப்படி என்றால் மறைப்பே இல்லாத கடற்கரை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. கோவளம், வர்க்கலா போன்ற கேரளக் கடற்கரைகளில் ஜூன், ஜூலையில் மழை கொட்டும். அதைப் பார்த்து ஜனங்கள் போகாமல் இருந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் மழை இருக்காது. வானம் நீலமாகத்தான் இருக்கும். போனில் பார்த்தால் சூரியன் படம் போட்டிருக்கும். என் தம்பி மனைவி அப்படித்தான் ஒரு ஜூலையில் போன் செய்தாள். "மைனி, இங்க மும்பையில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. அங்க ஒரு சொட்டு மழைகூடக் காட்டல. பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து கடலப் பாத்துட்டுப் போறோம்." நான் வேண்டாம் என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்று.

குற்றாலத்தில் சாரல், மறுநாள் மணப்பாட்டில் கடல் என்று ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் சேர்த்துப் பணம் கட்டியிருந்தார்கள். பெயர் வேண்டாம். அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்த படம் மணப்பாட்டு உப்பங்கழியின் முகத்துவாரம், தண்ணீர் கண்ணாடி போல நிற்கிறது. மேலே சிலுவைக் கோயில், கீழே வள்ளங்கள். படம் உண்மைதான். ஆனால் அது மாசித் தண்ணீர். ஜூலையில் அந்தப் படத்தைக் காட்டிக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. குற்றாலத்தில் அருவி விழ வைக்கிற அதே பருவக்காற்றுதான் எங்கள் கடலைக் கலக்குகிறது. அங்கே நல்ல சீசன் என்றால் இங்கே போகக் கூடாத சீசன். இரண்டையும் ஒரே பயணத்தில் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

அன்றைக்கு மணப்பாட்டில் இறங்கியதும் சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிட்டாள். மணல் கணுக்கால் உயரத்தில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்காலில் நின்றால் ஊசி குத்துகிற மாதிரி சுரீர் சுரீர் என்று படும். கொண்டுபோன புளியோதரையைத் திறக்கவே முடியவில்லை. பெரியவன் மட்டும் அலையில் இறங்கப் பார்த்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி எழுந்து வந்து, "தங்கச்சி, பிள்ளைய எறக்காத. நீவாடு வடக்க இழுக்கு" என்றார். கரையோரமாகவே நீரோட்டம் வடக்கு நோக்கி இழுக்கும், இறங்கின இடத்தில் ஆள் நிற்க முடியாது என்பது அவர் சொன்னதன் பொருள். அவர்களே அந்த வாரம் கடலுக்குப் போகவில்லை. தொழிலுக்குப் போகிறவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தால் நாமும் கரையில்தான் நிற்க வேண்டும்.

பாய் கட்டிய பலகையில் நின்று காற்றோடு விளையாடுகிறவர்களும், அலைச்சறுக்குக்காரர்களும் இந்த மாதங்களைத் தேடித்தான் மணப்பாட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இந்தக் காற்று வேண்டும். அந்த விளையாட்டு தெரிந்தவர்கள் தாராளமாக வரட்டும். குடும்பமாக வந்து காலை நனைத்து, சோறு சாப்பிட்டுப் போக நினைக்கிறவர்களுக்குத்தான் நான் சொல்கிறேன்.

போனில் வானிலை பார்க்கிறவர்கள் மழைப் படத்தை விட்டுவிட்டுக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உலர்ந்த மணல் கிளம்பிவிடும். மாசிக் காலைகளில் பெரும்பாலும் 15-க்குள் இருக்கும். அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே போதும்.

சரி, நல்ல மாதத்துக்கு வருகிறேன்.

வடகிழக்கு மழை மார்கழியோடு ஓய்ந்திருக்கும். குளங்களில் தண்ணீர் நிற்கும், வயல் பச்சையாக இருக்கும். திருநெல்வேலியிலிருந்து வருகிறீர்கள் என்றால் வழியில் மூலைக்கரைப்பட்டி பக்கம் திரும்பிக் கூந்தன்குளம் பார்த்துவிட்டு வரலாம். இமயமலையைத் தாண்டி வடக்கேயிருந்து வரும் வரித்தலை வாத்துகளும், பூநாரைகளும், ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைகளும் அங்கே நிறைந்திருக்கிற காலம் இது. கடலுக்கும் பறவைக்கும் ஒரே மாதம் வாய்ப்பது பெரிய விஷயம்.

மணப்பாட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தை, மாசியில் சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் கடலிலிருந்து எழும்பும், பிள்ளைகளை இருட்டில் எழுப்ப வேண்டியதில்லை. மெயின் ரோட்டில் மணப்பாடு விலக்கில் இறங்கினால் ஊருக்குள் போக ஆட்டோ கிடைக்கும். ஊர் இருப்பது கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டில். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கருமேனியாறு வந்து தேங்கும் கழி. மழைக்காலம் முடிந்த கையோடு அந்தக் கழியில் தண்ணீர் நிறைந்து நிற்கும். வெயில் ஏற ஏற வற்றிக்கொண்டே போகும், ஆனியில் போனால் சேறும் பாசியும்தான். படத்தில் பார்க்கிற மணப்பாடு வேண்டுமென்றால் மாசி தாண்டக் கூடாது.

மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581-ல் கட்டியது. அதன் கீழே கடலைப் பார்த்தபடி சிறு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய இடம் என்று விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். பாறைக்குள் ஒரு கிணறு, கடலுக்கு இத்தனை பக்கத்தில் குடிக்கிற தண்ணீர். குகைக்குப் போகும் பாறைமேல் ஆடியில் அலை ஏறி அடிக்கும், நடக்கவே பயமாக இருக்கும். மாசியில் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கி ஏறலாம்.

எட்டு மணிவாக்கில் வள்ளங்கள் கரை சேரும். ஏலம் போடுகிற இடத்தில் தள்ளி நின்று பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்துச் சாளை வெள்ளிக்காசு மாதிரி மினுங்கும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். விளமீன், பாறை, சீலா எல்லாம் வரும். சீலாவைத் துண்டாகக் கேட்க வழியில்லாமல் முழு மீனாகவே போய்விடும், நமக்குச் சாளையே போதும். என் பக்குவம் சொல்கிறேன்: தேங்காயும் சின்ன வெங்காயமும் அரைத்து, மாங்காய் நாலு துண்டு போட்டு, மண்சட்டியில் குழம்பு வைத்து, மறுநாள் காலையில் சாப்பிட வேண்டும்.

மாசியில் தண்ணீரின் நிறமே வேறு. முழங்கால் ஆழத்தில் நின்றால் கால் விரல் தெரியும், அதற்குக் கீழே மணலில் நண்டு வளை தோண்டுவது தெரியும். அலை வந்தாலும் சாய்ந்து வரும், மோதாது. நீச்சல் தெரியாத என் வயசுப் பெண்கள்கூடச் சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். தம்பி ஒருமுறை அலுவலக வேலையாகத் திருவனந்தபுரம் வந்தவன் பிப்ரவரியில் ஒருநாள் தப்பித்து வந்தான். "அக்கா, சின்ன வயசுல நாம பாத்த கடல் இதுதாம்லா" என்று சொல்லிச் சொல்லிக் குளித்தான். மே மாத விடுமுறைக்கே வந்து பழகியவனுக்கு அந்தக் கடல் மறந்தே போயிருந்தது.

இந்த மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். ராத்திரி கரையில் டார்ச் அடித்துக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு சுற்ற வேண்டாம். முட்டைக் குழியோ ஆமைத் தடமோ தென்பட்டால் தொடாமல் வந்து வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கும் இதுதான் காலம். பொங்கல் கழிந்து பனங்கிழங்கு கட்டுக் கட்டாக ரோட்டோரம் வரும். மாசியில் பதநீர் தொடங்கிவிடும், காலையில் பனையிலிருந்து இறக்கின கையோடு பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். சுண்ணாம்பு அளவாகப் போட்ட பதநீர் தொண்டையைக் கடிக்காது. கடித்தால் வேறு ஆளிடம் வாங்குங்கள். உடன்குடி கருப்பட்டி புதுசு கிடைக்கப் பங்குனி ஆகும். கருப்பட்டி வாங்க வேண்டும் என்பதற்காக மட்டும் வருகிறவர்கள் ஒரு மாதம் தள்ளி வரலாம். கருப்பட்டியாக இறுகும் முன் எடுக்கும் பாகான கூப்பனி கேட்டுப் பாருங்கள். காய்ச்சும் வீட்டில் சொல்லி வைத்தால்தான் கிடைக்கும், கடையில் இருக்காது.

உவரி தனிப் பயணம். சுயம்புலிங்க சுவாமி கோயில் கடலை ஒட்டி இருக்கிறது. கடலில் குளித்துவிட்டு, ஓலைப்பெட்டியில் ஈர மணலை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவது இங்கே வேண்டுதல். எங்கள் அம்மா தொண்ணூறு வயசு அத்தைக்காகச் சுமந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஈர மணல் ஒரு பெட்டி என்றால் கழுத்து இறங்கிவிடும், தண்ணீர் நெற்றி வழியாக ஒழுகும், கொட்டிவிட்டுத் திரும்பும்போது நடை தானாக வேகமாகும். ஆடியில் இதைச் செய்கிறவர்களும் உண்டு. காற்று பெட்டியைத் தூக்கப் பார்க்கும், மணல் பாதி கண்ணுக்குள் போகும். நேர்ந்துகொள்கிறவர்கள் தை, மாசிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், சுவாமி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கப்பல் மாதா கோயிலும் உவரியில்தான். கப்பல் வடிவில் கட்டி, மேலே விமானம் வைத்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் வரும். அமைதி வேண்டும் என்றால் புதன், வியாழன் வாருங்கள்.

தை மாதத்தில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தைப்பூசம். ரோடு முழுக்கப் பச்சை வேட்டி, பச்சைச் சேலையில் திருச்செந்தூருக்கு நடைப்பயணம் போகிறவர்கள். உவரியிலும் தேர். அந்தோணியார் கோயில் திருவிழாவும் ஒட்டியே வரும். பக்திக்கு வருகிறவர்களுக்கு அதுவே கொண்டாட்டம், நானும் போவேன். கடலில் நிம்மதியாகக் குளிக்க வருகிறவர்கள் பூசம் கழித்து ஒரு வாரம் விட்டு வரட்டும். மாசியில் திருச்செந்தூரில் பன்னிரண்டு நாள் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் திருச்செந்தூரில் ரூம் எடுக்காமல் வேறு ஊரில் தங்கினால் தப்பித்தீர்கள். திருவிழா நாளில் ஒரு லாட்ஜில் எங்கள் சொந்தக்காரர்களிடம் வழக்கமான வாடகையைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள், பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை. கேட்டால் "வேணும்னா இருங்க" என்று பதில்.

மற்ற கூட்ட நாட்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் சூரசம்ஹாரம், அன்றைக்குத் திருச்செந்தூர்க் கரையில் மணல் தெரியாது, தலைதான் தெரியும். குலசை (குலசேகரப்பட்டினம்) முத்தாரம்மன் தசரா பத்து நாளும் மணப்பாட்டு ரோட்டில் வேடம் கட்டியவர்கள்தான், வண்டி நகராது. செப்டம்பர் 14 மணப்பாட்டுச் சிலுவைத் திருவிழா.

மழை மாதங்கள். அக்டோபர் இருபதுவாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் அருமையாக விடியும், சில நாள் வீட்டை விட்டு இறங்க முடியாது. முன்கூட்டி ரூம் போட்டு வருகிற பயணத்துக்கு நம்பக் கூடாத காலம். 2023 டிசம்பர் 17, 18-ல் நடந்ததை எங்கள் ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றுபோய், சுமார் 800 பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சுற்று ஊர்க்காரர்கள்தான் வெள்ளத்தில் நடந்துபோய்ச் சோறு கொடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படி வராது. ஆனாலும் மார்கழிப் பாதிவரை நான் யாரையும் கூப்பிட மாட்டேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்த வார எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

புரட்டாசியில் காற்று தணியத் தொடங்கும். கடல் இன்னும் கலங்கல்தான். உள்ளூர்க்காரர்கள் சாயங்காலம் போய் உட்கார்ந்து வரலாம், வெளியூரிலிருந்து அதற்காக வர வேண்டாம்.

இனி மே மாதம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளி விடுமுறையும், ஊரில் அம்மன் கோயில் கொடையும் அப்போதுதான். மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் வேறு மாதம் வர முடியாது. எங்கள் தெருவே நிறைந்திருக்கும், எனக்கும் ராப்பகலாக ரவிக்கை தைக்கிற வேலை.

சித்திரை, வைகாசியில் காற்று இன்னும் முழுசாகப் பிடித்திருக்காது. வெயில்தான் கொல்லும். பாளையங்கோட்டையில் 40 டிகிரி தொடும்போது கடற்கரையில் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் மணல் காலைச் சுட்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறியிருக்கும்.

வெயிலையும் விலையையும் சமாளித்துவிடலாம். பயப்பட வேண்டியது கள்ளக்கடலுக்கு. தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் புயல் கிளப்பிவிட்ட அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, கடல் சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். திடீரென்று அலை உயர்ந்து பாறைமேல் ஏறி ஆளை இழுத்துவிடும். பங்குனியிலிருந்து வைகாசிவரை இது அதிகம். 2024 மே 6-ம் தேதி நாகர்கோவில் பக்கம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட நாளில்தான். படித்த பிள்ளைகள், கல்யாணத்துக்கு வந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து மே மாதத்தில் என் வீட்டுக்கு வருகிற எந்தப் பிள்ளையையும் எச்சரிக்கை பார்க்காமல் நான் கடலுக்கு அனுப்புவதில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. நம் ஜில்லா நிர்வாகமும் சொல்லும், டிவியிலும் ஓடும். எச்சரிக்கை இருந்தால் கரையில்கூட நிற்க வேண்டாம், பாறைமேல் நின்று போட்டோ எடுக்கவே வேண்டாம்.

எச்சரிக்கை இல்லாத நாளில் மே மாதக் கடலை இப்படி அனுபவியுங்கள்: விடிய ஐந்தரைக்குக் கரையில் இருங்கள், ஆறு மணிக்குள் சூரியன் வந்துவிடும். எட்டரைக்குள் குளித்து முடித்துக் கிளம்புங்கள். வழியில் நுங்கும், மாங்காய்க் கீற்றுப் போட்ட பதநீரும் கிடைக்கும். அந்த இரண்டிலும் மாசியைவிட மே உசத்தி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பகலில் வீட்டில் படுங்கள். சாயங்காலம் கோயிலுக்குப் போங்கள். என் மருமகப் பிள்ளைகள் இப்போது இதற்குப் பழகிவிட்டார்கள். "அத்த, நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுப்பிரணும்" என்று அவர்களே சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

திருச்செந்தூர்க் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறை வெளியே தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பாறைமேல் ஏறினால் வழுக்கும், கடல் முள்ளெலி குத்தும். சில நாள் மண்ணரிப்பில் கரை படி மாதிரி செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கும், வயசானவர்கள் அங்கே இறங்க வேண்டாம். நாழிக்கிணற்றில் குளித்தாலே போதும்.

வசதிகளுக்கு நான் மூன்று மதிப்பெண்தான் தருவேன், எந்த மாதமானாலும். மணப்பாட்டில் தங்குமிடம் குறைவு, திருச்செந்தூரில் தங்கிக் காலையில் வருவதே பெரும்பாலானவர்களுக்கு வசதி. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் இருக்கிறது, பஸ் அடிக்கடி. திருச்செந்தூர்–கன்னியாகுமரி கடலோர ரோட்டில் குலசை, மணப்பாடு விலக்கு, பெரியதாழை, உவரி, கூடங்குளம் என்று பஸ் போகும். ஒரே நாளில் மணப்பாடும் உவரியும் பார்க்க அந்த ரோடு போதும். குலசையில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபின் அந்தப் பக்கம் போக்குவரத்து கூடியிருக்கிறது, ரோடும் இன்னும் நல்லாக வேண்டும்.

பெண்களுக்கு உடை மாற்ற ஒழுங்கான இடம் வேண்டும். ஈரச் சேலையோடு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களை மாசியில்கூடப் பார்க்கிறேன், கதவில்லாத அறையில் ஒருத்திக்கு ஒருத்தி துண்டு பிடித்து நிற்கிறார்கள். நாலு தடுப்பும் நாலு தாழ்ப்பாளும் போடப் பெரிய செலவு ஆகாது. அப்புறம், ஆனி தொடங்கியதும் கரையில் சிவப்புக் கொடி நட்டு, "இந்த மாதங்களில் குளிக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். வலை பிரிக்கிற அண்ணாச்சி எழுந்து வந்து சொல்வதை நம்பியே எத்தனை குடும்பம் இருக்க முடியும்? அவர் கரையில் இல்லாத நாளும் உண்டு. எங்கள் பஞ்சாயத்துக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்க்காரர்கள் யாராவது வந்துவிட்டுப் போனால் அவர்களும் ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள், எந்த மாதம் வந்தார்கள் என்பதையும் சேர்த்து.